மூட்டுவலிக்கு 'செட்' மாத்திரை: மெடிக்கல் கடையில் எதைக் கேட்கலாம், எதை வாங்கக் கூடாது?

ஈரோடு மாவட்டத்திலிருந்து 34 வயது வாசகி ஒருவர் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். ஊரும் பேரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். கடிதத்தின் சாரம் இது.

அவருடைய அப்பாவுக்கு 67 வயது. நாற்பது வருஷம் குழித்தறியில் ஜமக்காளம் நெய்தவர். ஒன்பது வருஷமாகச் சுகர், ஐந்து வருஷமாகப் பிரஷர். சுகருக்குக் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை, பிரஷருக்கு டெல்மிசார்ட்டனோடு நீர் பிரிய வைக்கும் மருந்து சேர்ந்த மாத்திரை. கடைசியாக டாக்டரைப் பார்த்து ஒன்றரை வருஷம் ஆகிறது. அதற்கப்புறம் பழைய அட்டையைக் காட்டித் தெருமுனை மெடிக்கலில் மாதாமாதம் வாங்கிக்கொள்கிறார்கள். ஐந்து மாதம் முன்பு முழங்கால் வலி என்று சொன்னதும், கடைக்காரர் வெள்ளைத் தாளில் மடித்து 'செட்' கொடுத்திருக்கிறார். ஒரு பொட்டலத்தில் நான்கு மாத்திரை, காலையில் ஒரு பொட்டலம், இரவில் ஒரு பொட்டலம். இரண்டே நாளில் அப்பா மாடிப்படி ஏறினாராம். அன்றிலிருந்து அந்தப் பொட்டலம் நிற்கவே இல்லை.

இப்போது அப்பாவின் முகம் உப்பியிருக்கிறது. பசி அதிகம். 130 போல இருந்த வெறும்வயிற்றுச் சுகர் 240-ஐத் தொட்டுவிட்டது. இதற்கிடையில் கடையில் சுகர் மாத்திரையை வேறு கம்பெனிக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். "அந்த டூப்ளிகேட் மாத்திரையாலதான் இப்படி ஆச்சு. சுகர் மாத்திரை கிட்னியையும் கெடுத்துரும்னு சொல்றாங்க. எல்லா மாத்திரையையும் ஒரு மாசம் நிறுத்திப் பார்க்கலாமா?" என்று கேட்கிறார். லண்டனில் இருக்கும் தங்கை, அங்கே பார்மசிஸ்டே பார்த்து மருந்து தருவதாகச் சொன்னாளாம். அப்படியிருக்க நாம் ஏன் 300 ரூபாய் ஃபீஸும் கொடுத்து, அரை நாள் வேலையையும் விட்டு டாக்டரிடம் போக வேண்டும் என்பது அடுத்த கேள்வி. கடைக்காரர் கொரோனா சமயத்தில் கடனுக்கு மருந்து கொடுத்தவர். அவரை நம்புவதா, அவர்மேல் புகார் கொடுப்பதா என்று தெரியாமல் தவிக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

மற்ற கேள்விகளுக்கு அப்புறம் வருகிறேன். முதலில் ஒன்று: தயவுசெய்து எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். சுகர் மாத்திரையையும் நிறுத்த வேண்டாம், பிரஷர் மாத்திரையையும் நிறுத்த வேண்டாம், அந்தப் பொட்டலத்தைக்கூடத் திடீரென்று நிறுத்த வேண்டாம். இதைப் படித்த மறுநாள் காலையே அப்பாவை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். அரசு மருத்துவமனையானாலும் சரி, பழைய டாக்டரானாலும் சரி. மிச்சம் இருக்கும் பொட்டலத்தைப் பிரிக்காமல் அப்படியே எடுத்துப் போங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

31 வருஷம் அரசு மருத்துவமனை மருந்து கவுன்ட்டரில் நின்றவன் நான். இந்த வெள்ளைப் பொட்டலம் எனக்குப் பழக்கமான ஒன்று. ஒருநாள் வயதான அம்மா ஒருவர் சேலை முந்தானை முடிச்சிலிருந்து ஒன்றை எடுத்துப் பிரித்து, மாத்திரைகளைக் கவுன்ட்டர் பலகையில் கொட்டி, "இதே மாதிரி இங்கயும் குடுங்க சாமி" என்றார். நான்கு மாத்திரை. இரண்டு பெரியவை, ஒன்று நடுத்தரம், ஒன்று மிளகைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளை. அட்டையிலிருந்து பிரித்துவிட்டால் மாத்திரைக்குப் பேர் இல்லை, மில்லிகிராம் இல்லை, காலாவதித் தேதியும் இல்லை. அந்த அம்மாவின் முகம் நீங்கள் உங்கள் அப்பாவைப் பற்றி எழுதியதைப் போலவே உப்பியிருந்தது. கை கால் மெலிந்து, முழங்கையில் லேசாக இடித்த இடமெல்லாம் நீலம் பாரித்திருந்தது.

உங்கள் அப்பாவின் பொட்டலத்தை நான் பார்க்கவில்லை. ஆகவே அதில் இருப்பது இதுதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மூட்டுவலி 'செட்' என்று கொடுப்பதில் வழக்கமாக இருப்பவை எனக்குத் தெரியும்: டைக்ளோஃபெனாக் அல்லது அசெக்ளோஃபெனாக் மாதிரி ஒரு வலி மாத்திரை, வயிறு புண்ணாகாமல் இருக்க ஒரு கேஸ் மாத்திரை, சத்து மாத்திரை ஒன்று, அப்புறம் அந்தச் சின்ன வெள்ளை. பல இடங்களில் அந்தச் சின்னது டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன் இவற்றில் ஒன்றாக இருக்கும். மூன்றுமே ஸ்டீராய்டு. இரண்டே நாளில் மாடிப்படி ஏறினார், பசி கூடியது, முகம் உப்பியது, சுகர் எகிறியது என்று நீங்கள் வரிசையாக எழுதியிருப்பதைப் படித்தால் என் சந்தேகம் அதன்மேல்தான் போகிறது.

ஸ்டீராய்டு கெட்ட மருந்து இல்லை. ஆஸ்துமாவில், கடுமையான அலர்ஜியில், முடக்குவாதத்தில் உயிரையும் உறுப்பையும் காப்பாற்றும் மருந்து. டாக்டர் அளவு வைத்து, நாள் கணக்கு வைத்து, ரத்தப் பரிசோதனை பார்த்துக் கொடுப்பார். பேர் தெரியாமல் ஐந்து மாதம் சாப்பிட்டால் அது வேறு கதை. சுகரை ஏற்றும், பிரஷரை ஏற்றும், எலும்பை அரிக்கும், தொற்று வந்தால் வெளியே தெரியாமல் மூடி மறைக்கும்.

திடீரென்று நிறுத்த வேண்டாம் என்று சொன்னது இதனால்தான். நம் சிறுநீரகத்துக்கு மேலே குல்லா வைத்தாற்போல் அட்ரினல் என்று ஒரு சுரப்பி உண்டு. உடம்புக்கு வேண்டிய ஸ்டீராய்டை அதுவே தினமும் சுரக்கும். வெளியிலிருந்து மாதக்கணக்கில் வந்துகொண்டே இருந்தால் அது வேலையைக் குறைத்துக்கொள்ளும். பொட்டலத்தை ஒரே நாளில் நிறுத்தினால், அது விழித்து எழுவதற்குள் உடம்பு துவண்டுவிடும். வாந்தி, தலைசுற்றல், பிரஷர் இறங்குவது, மயக்கம் எல்லாம் வரும். டாக்டர் படிப்படியாகக் குறைப்பார். குறைக்கக் குறைக்கச் சுகரும் இறங்கும். அந்தச் சமயத்தில் கிளிமிபிரைடு அளவையும் பார்த்துக்கொள்ளாவிட்டால் சுகர் ஒரேயடியாகத் தாழ்ந்துபோகும். இதை வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட முடியாது, சகோதரி.

போகும் வழியிலோ, அதற்கு முன்னாலோ அப்பா மயங்கினாலும், ஓயாமல் வாந்தி எடுத்தாலும், மலம் தார் போலக் கறுப்பாகப் போனாலும், சிறுநீர் குறைந்தாலும், பேச்சு குழறி அசதியாகப் படுத்தாலும் காத்திருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள். 'மாசக்கணக்கில் பேர் தெரியாத வலி மாத்திரை சாப்பிட்டார், ஸ்டீராய்டாக இருக்கலாம்' என்று வந்தவர்களிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

கிட்னியைக் கெடுப்பது எது?

சுகர் மாத்திரை கிட்னியைக் கெடுக்கும் என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். கவுன்ட்டரில் நான் தினமும் கேட்ட வாக்கியம் இது. கிட்னி ஏற்கெனவே பலவீனமானவர்களுக்கு மெட்ஃபார்மினைக் குறைப்பதும் நிறுத்துவதும் உண்டு. அதனால்தான் அப்படி ஒரு பேச்சு பரவியது. உண்மையில் கிட்னியை மெல்ல மெல்ல அரிப்பது கட்டுப்படாத சுகரும் கட்டுப்படாத பிரஷரும்தான். 'கிட்னி போயிடும்' என்று பயந்து மாத்திரையை நிறுத்தி, அந்தப் பயத்தாலேயே டயாலிசிஸ் வரை போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் அப்பா விஷயத்தில் கிட்னிக்கு ஆபத்து அந்த வெள்ளைப் பொட்டலத்தில் இருக்கிறது. டெல்மிசார்ட்டன் ஒரு பக்கம், நீர் மாத்திரை ஒரு பக்கம். இவை இரண்டும் டாக்டர் தெரிந்து சேர்த்தவை, சேர்ந்திருக்கலாம். மூன்றாவதாக டைக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரை தினமும் போனால், கிட்னிக்குப் போகும் ரத்தம் மூன்று பக்கத்திலிருந்தும் குறைக்கப்படுகிறது. வயதானவர், சுகர் உள்ளவர், வெயில் காலத்தில் தண்ணீர் குறைவாகக் குடிப்பவர் என்றால் கிட்னி சில நாளிலேயே திணறிவிடும். டாக்டரிடம் போகும்போது யூரியா, கிரியாட்டினின், பொட்டாசியம், சிறுநீரில் புரதம் இவற்றைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மூன்று மாதச் சுகர் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி-யும் பார்க்கட்டும்.

இந்த மூன்று மருந்தும் ஒன்றாகச் சேரக் கூடாது என்பது ஒரு மருந்தாளுநர் படித்திருக்க வேண்டிய பாடம். பிரஷர் மாத்திரை வாங்குகிறவர் அதே கடையில் வலி மாத்திரை கேட்கும்போது "கொஞ்சம் இருங்க, உங்களுக்கு இது ஆகாது" என்று சொல்வதற்காகத்தான் கடையில் ஒரு மருந்தாளுநர் இருக்க வேண்டும் என்று சட்டம் வைத்திருக்கிறது.

கல்லாவில் நிற்பவர் யார்?

கடைக்காரரை நம்பலாமா என்று கேட்டீர்கள். அவர் மருந்தாளுநரா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மருந்தாளுநர் என்றால் பார்மசியில் இரண்டு வருஷ டிப்ளமோவும் அதன்பின் 500 மணி நேரப் பயிற்சியும் முடித்தவர், அல்லது நான்கு வருஷப் பட்டம் பெற்றவர். படித்தால் மட்டும் போதாது, தமிழ்நாடு மருந்தாளுநர் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். டாக்டர் சீட்டுக்கு மருந்து எடுத்துக் கொடுக்கும் உரிமை பதிவுபெற்ற மருந்தாளுநருக்கு மட்டுமே என்று 1948-ஆம் ஆண்டு பார்மசி சட்டத்தின் 42-ஆவது பிரிவு சொல்கிறது. கடைச் சுவரில் மருந்து உரிமம் மாட்டியிருக்கும். மருந்தாளுநர் பேரும் இருக்கும். அடுத்த முறை போகும்போது பாருங்கள்.

பல கடைகளில் சுவரில் ஒரு பேர் இருக்கும், கல்லாவில் நிற்பவர் வேறு ஆளாக இருப்பார். பத்து வருஷம் நின்ற பழக்கத்தில் டப்பாவின் இடமும் மாத்திரையின் விலையும் அவருக்கு அத்துப்படி. நல்ல மனிதராகவும் இருக்கலாம், உங்கள் கடைக்காரரைப் போல. அந்த மனசை நான் குறை சொல்லவில்லை. ஆனால் டெல்மிசார்ட்டனோடு எது சேரும், எது சேராது என்பது பழக்கத்தில் வருவதில்லை. "பார்மசிஸ்ட் இருக்காருங்களா? அவர்கிட்ட ஒரு சந்தேகம் கேக்கணும்" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். அது உங்கள் உரிமை. மருந்தை எப்படிச் சாப்பிடுவது, எப்படி வைப்பது, ஒரு வேளை மறந்தால் என்ன செய்வது என்று நோயாளிக்கு விளக்குவது மருந்தாளுநரின் கடமை என்று 2015-இல் வந்த மருந்தாளுநர் நடைமுறை விதிகள் எழுதியே வைத்திருக்கின்றன. நம் ஊரில் அந்த விளக்கம் "காலைல ஒண்ணு, நைட் ஒண்ணு" என்று அட்டைமேல் கீறிக் கொடுப்பதோடு முடிந்துவிடுவது எனக்குத் தீராத வருத்தம்.

நல்ல மருந்தாளுநரிடம் கேட்டுப் பெற வேண்டியவை

தெருமுனை மெடிக்கலுக்கே போகாதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. டாக்டரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பீர்கள். மருந்தாளுநரை மாதாமாதம் பார்ப்பீர்கள், டோக்கன் இல்லை, ஃபீஸ் இல்லை. அவரிடம் மருந்தைப் பற்றிக் கேளுங்கள், எவ்வளவு வேண்டுமானாலும். 'வலிக்கு ஏதாவது குடுங்க' என்று மட்டும் கேட்காதீர்கள்.

அப்பா சாப்பிடும் எல்லாவற்றையும், நாட்டு மருந்து, லேகியம், கண் சொட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போய், "இதுல எது எதோட சேராது?" என்று கேளுங்கள். இது ஒன்றே பாதி ஆபத்தைத் தடுக்கும். மெட்ஃபார்மினைச் சாப்பாட்டோடு எடுத்தால் வயிற்றுப் புரட்டல் குறையும், தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் எடுக்க வேண்டும், எஸ்.ஆர். என்று போட்ட, வயிற்றில் மெல்ல மெல்லக் கரையும் மாத்திரையை உடைக்கவோ மெல்லவோ கூடாது என்பதெல்லாம் அவர் ஒரு நிமிஷத்தில் சொல்லக்கூடியவை. நாளைக்கு அப்பாவுக்கு இன்சுலின் எழுதினால், பிரிக்காத குப்பியை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், உறையும் பெட்டியில் வைத்தால் வீணாகிவிடும், ஊசியை எந்த இடத்தில் மாற்றி மாற்றிக் குத்துவது என்று பேனாவைக் கையில் பிடித்தே காட்டித் தருவார்.

பிரஷர் பார்ப்பார், விரலில் குத்திச் சுகர் பார்ப்பார், பல கடைகளில் இந்த வசதி உண்டு. ஆனால் சைக்கிளை நிறுத்திய வேகத்தில் கையை நீட்டாதீர்கள். ஐந்து நிமிஷம் முதுகு சாய்ந்து உட்கார வேண்டும், பாதம் தரையில் பட வேண்டும், கை நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும், அரை மணி நேரத்துக்குள் டீயோ காபியோ குடித்திருக்கக் கூடாது. இப்படிப் பார்த்தும் 140-க்கு 90-ஐத் திரும்பத் திரும்பத் தாண்டினால் குறித்து டாக்டரிடம் காட்டுங்கள். அந்த எண்ணைப் பார்த்துக் கடையிலேயே மாத்திரையைக் கூட்டச் சொல்லிக் கேட்கக் கூடாது.

ஜுரத்துக்குப் பாரசிட்டமால், வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். என்று சின்ன விஷயங்களுக்கு அவர் துணை போதும். டெங்கு பரவும் மாதங்களில் ஜுரத்துக்கு வலி மாத்திரை தரச் சொல்லாதீர்கள், ரத்தக் கசிவைக் கூட்டிவிடும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் எத்தனை மில்லி தண்ணீருக்கு என்று போட்டிருக்கும், அத்தனையில்தான் கரைக்க வேண்டும். டம்ளருக்குக் கொஞ்சம் என்று போடக் கூடாது. படர்தாமரைக்குக் கடையில் தரும் கலவை ஆயின்மென்ட்டிலும் பெரும்பாலும் ஸ்டீராய்டு ஒளிந்திருக்கும். அரிப்பு அன்றே அடங்கும், படர்தாமரை அடுத்த மாதம் இரண்டு மடங்காகத் திரும்பும்.

நல்ல மருந்தாளுநர் திருப்பி அனுப்பவும் தெரிந்தவர். இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்கு சிரப் கொடுக்க மாட்டார், சளிப் பரிசோதனைக்கு அனுப்புவார். நெஞ்சு அடைக்கிறது என்றால் கேஸ் மாத்திரை எடுக்க மாட்டார், ஆம்புலன்ஸைக் கூப்பிடுவார். கேட்டதை எல்லாம் எடுத்துக் கொடுக்கிறவரைவிட, இப்படி "மாட்டேன்" என்று சொல்கிறவரிடம் வாடிக்கை வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பெனி மாறினால் டூப்ளிகேட்டா?

மருந்து ஒன்றே, கம்பெனிதான் வேறு என்றால் அது டூப்ளிகேட் ஆகாது. பழைய அட்டையையும் புது அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கொட்டை எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பேர், அதை விடுங்கள். அதற்குக் கீழே பொடி எழுத்தில் மருந்தின் பேரும் அளவும் இருக்கும். கிளிமிபிரைடு எத்தனை மில்லிகிராம், மெட்ஃபார்மின் எத்தனை மில்லிகிராம், எஸ்.ஆர். உண்டா இல்லையா என்று மூன்றையும் ஒப்பிடுங்கள். மூன்றும் ஒத்துப்போனால் கம்பெனி மாறியதற்காகச் சுகர் 110 புள்ளி ஏறிவிடாது. கிளிமிபிரைடு ஒன்று இருந்த இடத்தில் இரண்டு வந்திருந்தால் அது ஆபத்து. அதில் சுகர் ஏறாது, தாழ்ந்து மயக்கம் வரும்.

ஆனாலும் உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. டாக்டர் ஒரு கம்பெனிப் பேரை எழுதியிருக்கும்போது கடையில் தானாக வேறு கம்பெனி மாற்றிக் கொடுக்க விதி இடம் தரவில்லை. டாக்டரைக் கேட்டு, உங்களிடமும் சொல்லிவிட்டுத்தான் மாற்ற வேண்டும். சீட்டில் மருந்தின் பொதுப்பேரையே எழுதித் தரச் சொல்லுங்கள், எந்தக் கம்பெனியில் வாங்கினாலும் பிரச்சினை இல்லை. மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலும் பொதுப்பேர் மருந்துகள் விலை குறைவாகக் கிடைக்கும். எங்கே வாங்கினாலும் பில் கேளுங்கள். அதில் மருந்தின் பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் இருக்கும்.

லண்டன் தங்கை சொன்னது

உங்கள் தங்கை சொன்னது உண்மை, ஆனால் பாதி. இங்கிலாந்தில் 2024 ஜனவரி 31 முதல் 'பார்மசி ஃபர்ஸ்ட்' என்று ஒரு திட்டம் நடக்கிறது. காதுவலி, தொண்டை வலி, சைனஸ், பூச்சிக்கடியில் சீழ், தோலில் சொறிப்புண், அக்கி, பெண்களுக்குச் சாதாரணச் சிறுநீர்த் தொற்று என ஏழே ஏழு தொல்லைகளுக்கு, டாக்டர் சீட்டு இல்லாமல் மருந்தாளுநரே பார்த்து மருந்து தரலாம். எந்த வயதுக்கு, எந்த அறிகுறிக்கு, எந்த மருந்து, எத்தனை நாள் என்று வரிவரியாக எழுதிய நெறிமுறை உண்டு. தனி அறையில் உட்கார வைத்துப் பேசுவார், கொடுத்ததைக் குடும்ப டாக்டருக்கும் தெரிவிப்பார். அங்கும் மூட்டுவலிக்குப் பேரில்லாத நான்கு மாத்திரையை மடித்துக் கொடுத்தால் அவர் தொழிலே போய்விடும்.

நம் நாட்டில் மருந்தாளுநருக்கு மருந்து எழுதும் அதிகாரம் இல்லை. ஒருநாள் வர வேண்டும் என்று விரும்புகிறவன்தான் நான். அதுவரை அட்டைமேல் சிவப்புக் கோடும் 'ஆர்எக்ஸ்' குறியும் இருந்தால் அது சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து என்று தெரிந்துகொள்ளுங்கள். அப்பாவின் சுகர், பிரஷர் மாத்திரைகளும் அந்த வகைதான். ஒன்றரை வருஷம் பழைய அட்டையைக் காட்டி வாங்கியதில் உங்கள் பக்கத் தவறும் இருக்கிறது, சகோதரி. கடிந்து சொல்லவில்லை. டாக்டரைப் பார்த்திருந்தால் மூன்றாம் மாதமே அந்த முகத்தைப் பார்த்துப் பிடித்திருப்பார்.

300 ரூபாயும் அரை நாளும் பாரம் என்றால் அதற்கும் வழி உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகர், பிரஷர் இரண்டுக்கும் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பேரைப் பதிந்தால் அந்த மாத்திரைகள் வீட்டுக்கே வரும். நடக்க முடியாதவர்களுக்கு வீட்டுக்கு வந்து பிசியோதெரபி தருவதும் அதே திட்டத்தில் உண்டு. உங்கள் ஊர் சுகாதார செவிலியரிடம் கேளுங்கள்.

புகார் கொடுப்பதா?

இதில் என் கருத்தைச் சொல்கிறேன், முடிவு உங்களுடையது. சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு விற்பதும், பேரில்லாமல் பொட்டலம் கட்டிக் கொடுப்பதும் சட்டப்படி குற்றம். மாவட்டத்தில் மருந்துக் கட்டுப்பாட்டு உதவி இயக்குநர் அலுவலகமும் மருந்து ஆய்வாளரும் இருக்கிறார்கள். எழுத்தில் புகார் கொடுக்கலாம். அப்பாவுக்கு நேர்ந்த கெடுதிக்கு இழப்பீடு கேட்பதானால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். அதற்கு ஆதாரம் வேண்டும். உங்களிடம் பில் இல்லை. ஆகவே டாக்டரிடம் காட்டும்போது ஒரு பொட்டலத்தையாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள், தேதி எழுதிப் படம் எடுங்கள், டாக்டர் எழுதும் சீட்டில் இந்த விவரத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். பக்கவிளைவைத் தெரிவிக்க 1800-180-3024 என்ற இலவச எண் இருக்கிறது. நோயாளியின் வீட்டாரும் பேசலாம்.

எடுத்த எடுப்பில் புகார் வேண்டாம், ஒருமுறை அவரிடம் நேரில் பேசுங்கள் என்பேன். கடன் கொடுத்த மனிதர் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. உங்கள் அப்பா சாப்பிட்டது என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம் என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அது டாக்டருக்கு உடனே தேவை. "அண்ணா, சண்டைக்கு வரலை. அப்பாவுக்குக் கொடுத்த மாத்திரைப் பேர் எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுங்க, டாக்டர் கேட்கிறார்" என்று கேளுங்கள். எழுதிக் கொடுத்து, இனிமேல் கட்டுவதில்லை என்று நிறுத்தினால் அந்த மனிதரிடம் நல்லது இருக்கிறது. மழுப்பினாலோ, அடுத்த வாரமும் அதே பொட்டலம் அடுத்த தெருத் தாத்தாவுக்குப் போனாலோ புகார் கொடுங்கள். ஊரில் ஒரே கடை, முகத்தில் முழிக்க வேண்டுமே என்ற தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் இந்த 'செட்' உங்கள் அப்பாவுக்கென்று தனியாகக் கட்டியதாக இருக்காது. குழித்தறி உள்ள ஊரில் முழங்கால் வலி வீட்டுக்கு வீடு இருக்கும்.

கடைசியாக அப்பா. அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். மாத்திரையைக் குறைத்ததும் வலி திரும்பும், "நல்லா இருந்தவனைக் கெடுத்துட்டே" என்பார். அதற்கு முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு வையுங்கள். கிட்னி ரிப்போர்ட்டைப் பார்த்து, எவ்வளவு பாரசிட்டமால் எடுக்கலாம், மேலே தடவும் ஜெல் போதுமா, எக்ஸ்ரே வேண்டுமா என்று அவர் சொல்வார். வெந்நீர் ஒத்தடம் தாராளமாகக் கொடுக்கலாம். சுகர் உள்ள கால், சூடு தெரியாமல் போகும், ஆகவே முதலில் உங்கள் கையில் வைத்துப் பாருங்கள். டாக்டர் சரி என்றதும் ஒரு பயிற்சி செய்யச் சொல்லுங்கள். காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, துண்டைக் கீழே அழுத்துவது போலத் தொடையை இறுக்கி, ஐந்து எண்ணி விட வேண்டும். ஒரு காலுக்குப் பத்து முறை, காலையும் மாலையும். தொடைச் சதை வலுக்க வலுக்க முட்டியின் மேல் விழும் பாரம் குறையும். பலன் தெரிய ஆறு வாரம்கூட ஆகலாம், நடுவில் விட்டுவிட விடாதீர்கள். நாற்பது வருஷம் தறி மிதித்த கால் அது, எண்ணிக்கை வைத்து மிதிக்க அவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு மறுபடி எழுதுங்கள்.